சமயம் எனப்படுவது யாது? – இந்து, பௌத்த நெறிகளை முன்வைத்து

சமயம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் ஆள்கிறோம். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கென ஒரு வினா உண்டு. அக்கட்டத்தை நிரப்ப எவர்க்கும் அரை நிமிடம் ஆவதில்லை. ஆயின், நிரப்பிய சொல்லுக்கு இலக்கணம் கூறுக என்றால் தயங்கி நிற்போம்.

இவ்வினாவுக்கு விடை காண முயன்ற அறிஞர் பலரும் இந்திய மண்ணில் தோன்றிய இரு நெறிகளிடம் வந்து இடறியிருக்கின்றனர். ஒன்று பௌத்தம். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்னும் கொள்கை அதற்கு இல்லை. மற்றொன்று இந்து சமயம். நிறுவியவர் ஒருவர், அனைவர்க்கும் பொதுவான நூல் ஒன்று, அனைவரும் ஏற்ற கொள்கை ஒன்று என எதுவும் அதற்கு இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே தழுவ இயலாத இலக்கணம் சமயத்தின் இலக்கணம் ஆகாது. இது வெறும் சொல்லாராய்ச்சியும் அன்று. ஒரு கோயில் எவர் பொறுப்பில் இருக்க வேண்டும், ஓர் உரிமை எவர்க்குக் கிட்ட வேண்டும் என்பன இவ்விலக்கணத்தை ஒட்டியே முடிவு செய்யப்பட்டுள்ளன. அவ்வரலாற்றைச் சற்றே விரித்து நோக்குவோம்.

சொல் காட்டும் மூன்று வழிகள்

மதம் என்னும் வடசொல்லுக்குக் கருதப்பட்டது, கருத்து என்பதே அடிப்படைப் பொருள். நன்னூலின் பாயிரம் எழுவகை மதம் கூறுவதை நாம் அறிவோம். பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல் என நூலாசிரியன் கொள்ளும் நிலைப்பாடுகளையே அது மதம் என்கிறது. அங்கே கடவுளும் இல்லை, கோயிலும் இல்லை.

சமயம் என்னும் சொல்லோ ஒன்றாக வந்து கூடுதல் என்னும் பொருளில் பிறந்தது. உடன்பாடு, ஒப்பந்தம், கட்டுப்பாடு என்பன அதன் பழம்பொருள்கள். இன்று நாம் 'ரிலிஜன்' என்பதற்கு இணையாக இவ்விரு சொற்களையும் ஆள்கிறோம். அதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கும் பண்டே இருவேறு விளக்கங்கள் தரப்பட்டன. மீண்டும் மீண்டும் கருத்தூன்றிச் செய்தல் என்பதிலிருந்து அச்சொல் பிறந்தது என்றார் சிசரோ. பிணைத்தல் என்பதிலிருந்து பிறந்தது என்றார் கிறித்தவ அறிஞர் லாக்டான்டியசு.

இவற்றை ஒருங்கு வைத்துப் பார்த்தால் மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. மதம் என்பது கொள்கையைச் சுட்டுகிறது. சிசரோவின் விளக்கம் ஒழுகலாற்றைச் சுட்டுகிறது. சமயம் என்பதும் லாக்டான்டியசின் விளக்கமும் பிணைப்பைச் சுட்டுகின்றன. இம்மூன்றில் எதனைக் கையில் எடுக்கிறோமோ அதற்கேற்ப இந்து நெறியும் பௌத்த நெறியும் பிரிந்தும் கலந்தும் தோன்றும்.

கொள்கையால் அளந்தோர்

தமிழில் சமயங்களைக் கொள்கையால் வரிசைப்படுத்திய மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்று மணிமேகலையின் இருபத்தேழாம் காதை. வஞ்சி நகரில் ஆண் துறவி வேடம் பூண்ட மணிமேகலை, சமயக்கணக்கர் பதின்மரை அணுகி அவரவர் திறம் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்போர் அப்பதின்மர். அறிவதற்குரிய அளவைகள் எத்தனை என்பதே முதற்கேள்வியாக எழுவது கருதத்தக்கது. அளவைவாதி பத்து அளவைகளை எண்ணுகிறான். பின்னர் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் பௌத்தமோ காட்சி, கருத்து என இரண்டை மட்டுமே ஏற்கிறது. அதே அளவைவாதி உலகாயதம், பௌத்தம், சாங்கியம், நியாயம், வைசேடிகம், மீமாஞ்சை என்னும் ஆறனையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறான். இந்து என்றொரு தொகுதியும் அதற்கு எதிரே பௌத்தம் என்றொரு தொகுதியும் அங்கே இல்லை. எதிரெதிர் நிற்பவை கொள்கைகள் மட்டுமே.

சைவ சித்தாந்த மரபு இதனினும் நுட்பமானதொரு வகைப்பாட்டைச் செய்தது. புறப்புறச் சமயம், புறச் சமயம், அகப்புறச் சமயம், அகச் சமயம் என நான்கு வட்டங்கள். வட்டத்திற்கு ஆறாக இருபத்துநான்கு சமயங்கள். வேதத்தையும் சிவாகமத்தையும் எவ்வளவு ஏற்கின்றன என்பதே அளவுகோல். உலகாயதமும் சமணமும் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளும் வெளிவட்டமாகிய புறப்புறத்தில் நிற்கின்றன. இங்கு நம் கவனத்திற்குரிய செய்தி வேறொன்று. வைணவத்தின் பாஞ்சராத்திரமும் இவ்வகைப்பாட்டில் அகத்தில் இல்லை, புறத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. இன்று ஒரே கட்டத்தில் எழுதப்படும் சைவமும் வைணவமும் அன்று வெவ்வேறு வட்டங்களில் இருந்தன. 'இந்து' என்பது சிந்து நதியின் பெயரைப் பாரசீகர் ஒலித்த முறையில் பிறந்து, முதலில் நிலத்தையும் அதன் மக்களையும் குறித்து, நெடுங்காலம் கழித்தே ஒரு சமயத்தின் பெயராயிற்று என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் தகும்.

ஆகவே சமயப் பிரிவினை என்பதே ஆங்கிலேயர் வந்தபின் தோன்றியது என்று சிலர் கூறுவது பொருந்தாது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் பத்தாம் பாடலில் சமணரையும் சாக்கியரையும் பெரும்பாலும் மறுத்துரைக்கிறார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்து மறுக்கிறார். எல்லைகள் இருந்தன, அவற்றைக் காக்கக் கடும்போரும் இருந்தது. ஆனால் அவ்வெல்லைகள் இன்றைய படிவத்தின் கட்டங்கள் அல்ல.

கொள்கையால் அளப்பதன் இடர்ப்பாட்டையும் இங்கேயே காணலாம். கடவுளை ஏற்பதே சமயம் என்றால் பௌத்தம் மட்டும் வெளியே நிற்காது. வேதத்தை முழுமுதற் சான்றாகக் கொண்ட மீமாஞ்சையும் படைப்புக் கடவுளை ஏற்கவில்லை; தொல் சாங்கியமும் ஏற்கவில்லை. வினை, மறுபிறப்பு, வீடுபேறு ஆகியன இரு நெறிக்கும் பொது என்றால், சொற்கள்தாம் பொது. பிறவிதோறும் செல்லும் நிலையான உயிர் உண்டு என்பது உபநிடத வழி. அப்படி ஒன்று இல்லை என்பது புத்தர் வழி. பேதைமை முதலாகப் பன்னிரு சார்புகள் ஒன்றை ஒன்று பற்றி வருவதே பிறவித் தொடர் என மணிமேகலையின் இறுதிக் காதை விளக்குவது இதனையே. ஒரே சொல்லின் உள்ளே இரு வேறு உலகங்கள் இருக்கின்றன.

மேலைநாட்டார் கண்ட இடர்

ஐரோப்பியர் இவ்வினாவை எழுப்பியபோது அவர்தம் மனத்தில் இருந்த முன்மாதிரி கிறித்தவம். 1871-இல் எட்வர்டு டைலர் என்னும் மானிடவியலார், ஆவியுருவான உயிர்களில் நம்பிக்கை கொள்வதே சமயத்தின் மிகக் குறைந்த இலக்கணம் என்றார். எமில் துர்க்கைம் 1912-இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். அதற்கு அவர் எடுத்த முதன்மைச் சான்று பௌத்தமே. நால்வகை வாய்மைகளில் கடவுளர்க்கு இடமில்லை; அங்ஙனமாயின் பௌத்தம் சமயமன்று எனல் வேண்டும்; அவ்வாறு கூற எவரும் துணியார்; ஆதலின் இலக்கணமே பிழை என்பது அவரது வாதம். புனிதம் என விலக்கி வைக்கப்பட்டவை பற்றிய நம்பிக்கைகளும் செயல்களும் ஒன்றுபட்டு, அவற்றை மேற்கொள்வோரை ஓர் அறச்சமூகமாக இணைப்பதே சமயம் என்று அவர் புது இலக்கணம் வகுத்தார். கொள்கையோடு ஒழுகலாறும் பிணைப்பும் இங்கே சேர்ந்துவிட்டன.

இதற்கும் மறுப்பு எழுந்தது. பர்மிய மக்களின் வாழ்வை நேரில் ஆய்ந்த மெல்ஃபோர்டு ஸ்பைரோ, 1966-இல் எழுதிய கட்டுரையில், நூல்களில் உள்ள பௌத்தத்தை மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது என்றார். பர்மியப் பௌத்தர் விகாரைக்கும் செல்வர். 'நாட்' எனப்படும் தெய்வங்களுக்கும் படையலிடுவர். மனிதரை விஞ்சிய ஆற்றல்களுடன் கொள்ளும் உறவைச் சமயத்தின் இலக்கணத்திலிருந்து நீக்க இயலாது என்பது அவர் கருத்து. நூலை நோக்கினால் ஒரு விடை, மக்களை நோக்கினால் வேறொரு விடை. எனவே நாமும் மக்களை நோக்குவோம்.

ஒழுகலாற்றில் கலப்பு

கண்டியில் ஆண்டுதோறும் நிகழும் எசல பெரகராவில் புத்தரின் புனிதப் பல்லின் பேழையை யானை சுமந்து செல்ல, அதன்பின் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் செல்கின்றன. நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகியோர் அந்நால்வர். பத்தினி என்பவள் நம் கண்ணகியே. சிங்களப் பௌத்தரிடையே பத்தினி வழிபாடு பரவிய வகையைக் கணநாத் ஒபயசேகர 1984-இல் வெளியான தம் பெருநூலில் விரிவாக ஆய்ந்துள்ளார். பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்விழாவில் புனிதப் பல்லுக்கு முதலிடம் தந்தவர் கீர்த்திசிறீ இராசசிங்கன். அவர் தென்னிந்திய நாயக்கர் குடியில் பிறந்தவர். சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாத் துறவு மரபை 1753-இல் மீண்டும் நிலைநாட்டியதும் அவர் காலத்தில்தான். பிறப்பால் சைவச் சூழலைச் சார்ந்த மன்னர் ஒருவர் பௌத்த சங்கத்தைப் புதுப்பித்த கதை இது.

தாய்லாந்தும் பௌத்த நாடே. எனினும் அதன் அரசவைச் சடங்குகளை நடத்துவோர் பிராமணர். பாங்காக் நகரில் 1784-இல் நிறுவப்பட்ட மாபெரும் ஊஞ்சல் இன்றும் நிற்கிறது. அதில் ஆடும் நிகழ்ச்சி 1935-இல் நின்றுபோயிற்று. அவ்விழாவின் பெயரான 'திரியம்பாவாய் திரிபவாய்' என்பதில் திருவெம்பாவை, திருப்பாவை ஆகிய பெயர்கள் ஒளிந்திருப்பதை அறிஞர் காட்டியுள்ளனர். பொருள் மறந்து ஒலி சிதைந்த நிலையிலும் அப்பாடல்கள் பௌத்த மன்னரின் அரண்மனைச் சடங்கில் வாழ்ந்திருக்கின்றன.

ஒழுகலாற்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் கண்டியிலும் பாங்காக்கிலும் இரு சமயங்கள் இருப்பதாகவே கூற இயலாது. ஆனால் பெரகராவில் நடந்துசெல்லும் பௌத்தரை அணுகி நீர் இந்துவா என வினவினால் அவர் இல்லை என்றே விடையிறுப்பார். அவ்விடையைப் பொருட்படுத்தாத இலக்கணம் குறையுடையது.

நீதிமன்றம் ஏறிய இலக்கணம்

விடுதலைக்குப் பின்னர் இவ்வினா நூலகத்தை விட்டு நீதிமன்றம் ஏறிற்று. உடுப்பி எட்டு மடங்களுள் ஒன்றான சிரூர் மடம், அன்றைய சென்னை மாநிலத்தின் 1951-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வழக்காடியது. 1954-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.கே. முகர்ஜியா சமயம் யாது எனக் கூற வேண்டியவரானார். மனிதன் தன்னைப் படைத்தவனோடு கொள்ளும் உறவு பற்றிய கருத்தே சமயம் என 1890-ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பு ஒன்று விளக்கியிருந்தது. அவ்விளக்கம் இந்நாட்டிற்குப் பொருந்தாது, ஏனெனில் கடவுளை ஏற்காத பௌத்தமும் சமணமும் இங்கே சமயங்களாக விளங்குகின்றன என்று அவர் ஒதுக்கினார். கொள்கையோடு நில்லாது சடங்கு, வழிபாட்டு முறை, உணவு, உடை ஆகியவற்றையும் சமயம் விதிக்கலாம் என்றார். ஒரு வைணவ மடத்தின் உரிமைக்குப் பௌத்தம் சான்றாக நின்றமை வியப்புக்குரியது.

ஆயினும் அரசியலமைப்பே ஓரிடத்தில் வேறுவகையாகப் பேசுகிறது. இருபத்தைந்தாம் உறுப்பின் விளக்கக் குறிப்பு, பொதுத்தன்மையுடைய இந்து சமய நிறுவனங்களை எல்லாப் பிரிவினர்க்கும் திறந்துவிடும் சட்டங்களைப் பொறுத்து, இந்துக்கள் என்பதில் சீக்கியர், சமணர், பௌத்தர் ஆகியோரும் அடங்குவர் என்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் பௌத்தர்க்குப் பொருந்தும். அதே காலத்தில், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதார் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கருடன் பல இலட்சம் மக்கள் பௌத்தம் தழுவினர். திருமணம் என்றால் அவர்கள் இந்துச் சட்டத்திற்கு உட்பட்டவர். பட்டியல் சாதியினர்க்குரிய பாதுகாப்பு என்றால் இந்து அல்லாதவர். 1990-இல் ஆணை திருத்தப்படும்வரை முப்பத்துநான்கு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. இலக்கணம் ஒன்று மாறிமாறி நின்றதன் விலையை ஒரு தலைமுறை முழுதும் செலுத்திற்று.

புத்தகயையும் இதனையே சொல்லும். புத்தர் ஞானம் பெற்ற அவ்விடம் நெடுங்காலம் சைவ மகந்துகளின் பொறுப்பில் இருந்தது. 1895-இல் அநகாரிக தர்மபாலர் அங்கே சப்பானியப் புத்தர் சிலை ஒன்றை நிறுவ முயல, மகந்தின் ஆட்கள் அதனை அகற்ற, வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றம்வரை சென்றது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் பௌத்தர் நால்வர், இந்துக்கள் நால்வர் எனக் குழுவைப் பகுத்து, மாவட்ட ஆட்சியரைத் தலைவராக்கியது. ஆட்சியர் இந்து அல்லாதவராயின் இந்து ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற விதி 2013-இல்தான் திருத்தப்பட்டது. கோயிலின் முழுப்பொறுப்பும் தமக்கே வேண்டும் எனப் பௌத்தர்கள் 2025-இலும் போராடினர். புத்தரைத் திருமாலின் அவதாரமாகக் கொண்டால் அது இந்துக் கோயிலும் ஆகும் என்பது ஒரு தரப்பு. அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் ஐந்தாவது, புத்தரைத் திருமாலின் அவதாரமாகக் கொள்வதை மறுப்பதே. ஒருவர்க்கு அரவணைப்பாகத் தோன்றுவது மற்றவர்க்குத் தன் பெயர் அழிவதாகத் தோன்றுகிறது.

நம் மாநிலத்திலும் ஒரு சிலை இவ்வினாவை எழுப்பிற்று. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என மக்கள் வழிபட்டுவந்த சிலை புத்தருடையது என்று கூறி வழக்குத் தொடுக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் பணித்தபடி தொல்லியல் துறை ஆய்ந்தது. தாமரைப் பீடத்தில் தியான முத்திரையுடன் அமர்ந்த கோலம், புத்தருக்குரிய உருவ இலக்கணங்கள், துண்டிக்கப்பட்டுப் பின்னர் ஒட்டப்பட்ட தலை ஆகியவற்றை அது கண்டறிந்தது. சிலை புத்தருடையதே என 2022 சூலையில் தீர்ப்பாயிற்று. அவ்விடத்தைத் தொல்லியல் துறை ஏற்க வேண்டும், மக்கள் வந்து காணலாம், பூசையோ பிற சடங்குகளோ கூடா என நீதிமன்றம் ஆணையிட்டது. தலைமுறைகளாகத் தொடர்ந்த வழிபாட்டை அல்லாது கல்லின் உருவ அமைதியையே தீர்ப்பு சான்றாகக் கொண்டது. வெட்டுண்ட தலையின் வரலாறு வெளிப்பட்டது நன்றே. ஆயினும் வேண்டுதல் வைத்தோர்க்கும், புத்தரை மீட்க வந்தோர்க்கும் அச்சிலை காட்சிக்குரிய பொருளாயிற்று.

பிணைப்பு என்னும் அளவுகோல்

கொள்கையால் அளந்தால் இரு நெறிகளும் தம்முள்ளேயே பலவாகச் சிதறுகின்றன. ஒழுகலாற்றால் அளந்தால் ஒன்றோடொன்று கரைகின்றன. எஞ்சுவது மூன்றாவது அளவுகோல். சமயம் என்ற சொல்லின் பழம்பொருளாகிய உடன்பாடு அது.

மணிமேகலை பதின்மர் கொள்கையையும் கேட்டாள். கேட்டதனால் அவள் எச்சமயத்தவளும் ஆகவில்லை. முச்சரணம் அடைந்து தவத்திறம் பூண்டு நோற்றபோதே பௌத்தை ஆனாள். சைவத்திலும் நூலறிவு ஒருவனைச் சைவனாக்காது. அதற்குத் தீக்கை வேண்டும். அதன் முதற்படியின் பெயரே சமய தீக்கை. வைணவத்தில் பஞ்ச சம்ஸ்காரம் உண்டு. தீக்கை அறியாத நம் சிற்றூர்களிலும் அம்மன் விழாவிற்குக் காப்புக் கட்டிவிட்டால் விழா முடியும்வரை ஊரார் வெளியூரில் தங்குவதில்லை. அங்கே எவரும் எக்கொள்கையையும் அறிக்கையிடுவதில்லை. தெய்வத்தோடும் ஊரோடும் ஓர் உடன்பாடு ஏற்படுகிறது. அது நடத்தையைக் கட்டுகிறது. அயோத்திதாச பண்டிதர் 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றுச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், அம்பேத்கர் உறுதிமொழிகளை வகுத்ததும் இவ்வகையினவே. பழைய பிணைப்பை அறுத்துப் புதிய பிணைப்பை ஏற்றுக்கொண்ட செயல்கள் அவை.

ஆகவே இவ்வாறு கூறலாம்: ஒரு கொள்கையின் வெளிச்சத்தில், சில ஒழுகலாறுகளின் வழியே, தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் கட்டுவதாக ஒருவர் ஏற்றுக்கொள்ளும் பிணைப்பே சமயம். பிறப்பால் வந்த பிணைப்பாயினும் தேர்ந்து கொண்ட பிணைப்பாயினும், அதற்குப் பெயரிடும் முதல் உரிமை பிணைக்கப்பட்டவர்க்கே உரியது. சட்டமும் ஆய்வும் அவரைக் கேட்ட பின்னரே பேசுதல் வேண்டும்.

ஒரே கல்லின்மீது இருவர் பிணைப்புப் பூண்டு நிற்கும்போது இவ்விலக்கணமும் தீர்ப்பு வழங்காது என்பது உண்மையே. அங்கே வேண்டப்படுவது மீண்டும் ஓர் உடன்பாடு. அதற்கும் முன்னோர் வழி காட்டியுள்ளனர். சிறீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். லெய்டன் நகருக்குச் சென்றமையால் அப்பெயர் பெற்ற செப்பேடுகள் இதனைக் கூறுகின்றன. தஞ்சையில் சிவனுக்குப் பெருங்கோயில் எடுத்த அம்மன்னன் புத்தரைச் சிவனின் வடிவம் என்று சொல்லவில்லை. தன் சைவத்தையும் விடவில்லை. பௌத்தர் பள்ளி பௌத்தர் பள்ளியாகவே இருக்க ஊர் கொடுத்தான்.